இரவல் மெட்டும் சொந்தக் குரலும்
(பாவலர் சகோதரர்களின் இசைப்பயணம்: ஒரு திறனாய்வு)

ஒரு பாடலைத் திறனாய்வு செய்வோர் வழக்கமாக மூன்று கேள்விகளை எழுப்புவர். எழுதியவர் யார்? இசையமைத்தவர் யார்? பாடியவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் திறனாய்வு முடிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. ஆனால் நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அப்பாடல் யார் முன்னிலையில், யார் பொருட்டுப் பாடப்பட்டது என்பதே அது. அச்சில் வரும் பாடல்களுக்கு இக்கேள்வி அத்தனை இன்றியமையாதது அன்று. தெருமுனையிலும் களத்துமேட்டிலும் பாடப்பட்ட பாடல்களுக்கோ இதுவே முதற்கேள்வி.

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் தோன்றி, 1950களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் தென்னாட்டு மேடைகளில் பாடித் திரிந்த ‘பாவலர் பிரதர்ஸ்’ என்னும் இசைக்குழுவை இந்த நான்காவது கேள்வியின் வெளிச்சத்தில் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இக்குழுவைப் பற்றி எழுதியோர் பலரும் இளையராஜா என்னும் பெருங்கலைஞரின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு முன்னுரையாகவே அதனைக் கண்டனர். ஆற்றின் அகலத்தைக் கண்டு வியப்பவர் ஊற்றை மறந்துவிடுவது இயல்புதான். எனினும் ஊற்றுக்கென ஒரு சுவை உண்டு. அதனைத் தனியே பருகிப் பார்த்தல் வேண்டும்.

பள்ளத்தாக்கின் செவி

கம்பம் பள்ளத்தாக்கு இரண்டு உலகங்கள் சந்திக்கும் இடம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து கீழே வயல்களை நனைக்கிறது. மேலே ஏலமலையின் தோட்டங்களுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் கூலிக்குச் செல்லும் மக்கள் கீழிருந்து ஏறுகின்றனர். நீர் இறங்குகிறது, மனிதர் ஏறுகின்றனர். இவ்விரு போக்குவரத்துக்கும் இடையில் பிறந்தவையே இப்பகுதியின் பாடல்கள்.

நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பெண்களிடம் இருந்தன. உறுமியின் ஆழ்ந்த முழக்கத்துக்கு இராசகம்பளத்து மக்கள் தேவராட்டம் ஆடினர். திருவிழாக்களில் நாதசுரமும் தவிலும் பம்பையும் சேர்ந்த நையாண்டி மேளம் இரவெல்லாம் ஒலித்தது. சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் பறை பேசியது. கல்யாணத்துக்கு ஒன்று, காடு செல்வதற்கு ஒன்று என வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தாளம் இருந்தது. இவ்விசையை எவரும் ‘கலை’ என்று பெயரிட்டு அழைக்கவில்லை. வேலையின் பகுதியாகவும் வேண்டுதலின் பகுதியாகவும் அது இருந்தது. அன்னை சின்னத்தாயின் வாய்வழிக் கேட்ட நாட்டுப்புறப் பாடல்களே தம் முதற்பாடம் என்று இளையராஜா பலமுறை கூறியிருப்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

நால்வர் கூடிய மேடை

பண்ணைப்புரத்து இராமசாமி என்பவரின் முதல் மனைவியின் மைந்தர் வரதராசன். இளைய மனைவி சின்னத்தாயின் மைந்தர்கள் பாஸ்கர், ஞானதேசிகன் என்று பெயரிடப்பட்டு இராசையா ஆன இளையராஜா, அமர்சிங் ஆகிய கங்கை அமரன். ஊருக்கு ஒதுங்கிய தெருவில் பிறந்த குடும்பம் அது. தந்தை தானியேல் என்னும் கிறித்தவப் பெயரையும் தாங்கியிருந்தார். அவர் பிள்ளைகள் சிறியவர்களாய் இருக்கையிலேயே மறைந்தார்.

மூத்தவராகிய வரதராசன் பொதுவுடைமை இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்டுப் பாட்டையே தம் பணியாக ஏற்றார். மக்கள் அவருக்கு வழங்கிய பட்டம் ‘பாவலர்’. 1943-இல் பிறந்த இராசையா பதினான்கு வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பெண்குரலில் பாட வேண்டிய பகுதிகள் முதலில் அவருக்கே உரியவையாய் இருந்தன. வயது ஏறிக் குரல் உடைந்தபோது அப்பகுதி தம்பி அமரனிடம் சென்றது. இராசையாவின் கைகள் ஆர்மோனியத்தைத் தேடின. தொடக்கத்தில் அப்பெட்டியைத் தொடுவதற்கே அண்ணன் இசையவில்லை என்றும், மறைவில் வாசித்துப் பழகியதாகவும் அவர் கூறியுள்ளார். பாஸ்கர் தபேலா வாசித்தார். குழுவுக்கு முதலாளி எவரும் இல்லை. சபாக்களின் ஆதரவும் இல்லை. ஒலித்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தமும் இல்லை. அழைத்த ஊருக்குச் செல்லுதல், பாடுதல், அடுத்த ஊருக்கு நகர்தல் என்பதே அவர்தம் வாழ்க்கை முறை.

இக்குழுவின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி 1958-ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தல். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. தோட்டத் தொழிலாளர்களோ பெரும்பாலும் தமிழர். 1957-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த அரசுக்கு இருந்த பெரும்பான்மை மிகக் குறுகியது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ் அவர்களின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பாகி மீண்டும் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது, ஒவ்வொரு தோட்டத்து வரிசை வீட்டின் வாக்கும் மதிப்புடையதாயிற்று. மலையாளத்தில் ஆற்றப்படும் உரை அங்கே பாதி வழியில் நின்றுவிடும். பாவலரின் தமிழ்ப்பாட்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராகச் சென்றது. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாட்டின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துக் காட்டும் தராசு எவரிடமும் இல்லை. ஆயினும் ஓர் அரசின் உயிர்ப்பிரச்சினையில் ஆர்மோனியப் பெட்டியும் தபேலாவும் மலையேறின என்பது வரலாறு.

நடையும் உத்தியும்

இக்குழுவின் இசைநடையை ஆராய்வோம். முதலில் கருவி. ஆர்மோனியத்தைப் பண்டிதர்கள் மதித்ததில்லை. அதன் கட்டைகளில் சுரங்கள் அசையாது நிற்கும், கமகத்துக்கு இடமில்லை. அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கி வைத்தது. 1970களில்தான் அத்தடை தளரத் தொடங்கியது. ஆக, அரசின் வானொலிக்கு ஆகாத கருவியே தெருமேடையில் ஆட்சி செய்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. மழையிலும் வெயிலிலும் சுருதி பெரிதாகக் கலையாது. ஒருவரே தூக்கிச் செல்லலாம். திறந்த வெளியில் ஒலிபெருக்கி கரகரத்தாலும் அதன் குரல் கேட்கும். எளியவரின் தேவை ஒரு கருவிக்கு அளித்த தகுதி இது.

அடுத்து மெட்டு. பாவலரின் உத்தி பெரும்பாலும் இரவல் மெட்டு. மக்கள் நாவில் ஏற்கெனவே புழங்கிய திரைப்பாடலின் மெட்டையோ நாட்டுப்புற மெட்டையோ எடுத்துக்கொண்டு, அந்த ஊரின் சிக்கலையும் அந்த வாரத்துச் செய்தியையும் அதில் சொல்லாக இட்டு நிரப்புவார். இதனைக் குறைவாக எண்ணுவோர் உளர். சொந்த மெட்டில்லாதவன் இசைக்கலைஞனா என்பர். அவர்களுக்கு நம் சமய இசை வரலாறே விடை கூறும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியையும் மக்கள் பாடல் வடிவங்களையும் எடுத்தாண்டே ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் படைத்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய இசை மரபை உரிய முறையில் மதிக்கப் பணித்தது. அதன்பின் நம் ஆலயங்களில் தெம்மாங்கும் கும்மியும் ஒலிக்கத் தொடங்கின. தெரிந்த மெட்டு என்பது திறந்த கதவு. கேட்பவர் ஏற்கெனவே வீட்டினுள் இருக்கிறார். புதுச்சொல் மட்டும் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

ஆனால் இவ்வுத்தியின் எல்லையையும் கூறுவது திறனாய்வாளனின் கடமை. இரவல் மெட்டில் இயற்றப்பட்ட பாட்டு தன் நாளோடு கட்டுண்டது. தேர்தல் முடிந்ததும் அதன் கூர்மை மழுங்கும். மூல மெட்டு மறக்கப்பட்டால் அதன் அங்கதம் விளங்காது போகும். அச்சில் எஞ்சிய வரிகளை மட்டும் படிப்பவருக்கு, அன்று கூட்டம் எவ்விடத்தில் சிரித்தது, எவ்விடத்தில் கண்கலங்கியது என்பது தெரியாது. ஏறக்குறைய அதே காலத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பொதுவுடைமை உணர்வைத் திரைப்பாடல்களில் பதித்து, 1959-இல் இருபத்தொன்பதே வயதில் மறைந்தார். திரைப்படச் சுருள் அவரைக் காத்தது. பாவலருக்கு அத்தகைய காப்பு வாய்க்கவில்லை. இருவரின் புகழுக்கும் உள்ள இடைவெளியைத் திறமையின் இடைவெளி என்று கொள்வது பிழையாகும்.

மூன்றாவதாக, குழுவின் கட்டமைப்பு. சகோதரர்கள் ஒருவர் பணியை மற்றவர் ஏற்றுப் பழகினர். இன்று பெண்குரல், நாளை ஆர்மோனியம். இன்று பக்கத்துணை, நாளை முதன்மை. முன்னேற்பாடின்றிப் பாவலர் ஒரு வரியை மாற்றினால் மற்றவர் அக்கணமே தொடர வேண்டும். பின்னாளில் சில மணி நேரத்திற்குள் ஒரு பாடலுக்குரிய முழு இசைக்குறிப்பையும் எழுதி வாத்தியக் கலைஞர்களிடம் இளையராஜா வழங்குவதைக் கண்டு திரையுலகம் வியந்தது. அவ்விரைவின் பயிற்சிக்கூடம் இத்தெருமேடையே என்பது என் துணிபு.

சென்னைக்குச் சென்ற பாட்டு

1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்ததே இளையராஜாவின் முதற்படைப்பு என்பர். பிறர் மெட்டில் தம் சொல்லை ஏற்றிய குழுவிலிருந்து, பிறர் சொல்லுக்குத் தம் மெட்டைத் தரும் ஒருவர் எழுந்துவிட்டார். குழுவின் வரலாற்றில் இதுவே திருப்புமுனை.

1960களின் இறுதியில் தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டபோது, வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று, அத்தொகை முழுவதையும் தாய் கொடுத்தனுப்பினார் என்று இளையராஜா நன்றியுடன் கூறுவதுண்டு. 1968-இல் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைப் பயிலத் தொடங்கினார். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கிதார்த் தேர்வில் சிறப்புற்றார். ஜி.கே. வெங்கடேஷ் அவர்களிடம் உதவியாளராய்ப் பணியாற்றினார். 1973-இல் பாவலர் வரதராசன் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1976-இல், பஞ்சு அருணாசலம் வழங்கிய வாய்ப்பால் ‘அன்னக்கிளி’ வெளியாயிற்று. பள்ளத்தாக்கின் குரல் தமிழகமெங்கும் கேட்ட அந்நாளைக் காண மூத்தவர் இல்லை.

‘அன்னக்கிளி’யின் சிறப்பு நாட்டுப்புற மெட்டைப் பயன்படுத்தியது மட்டுமன்று. அதற்கு முன்னரும் நாட்டுப்புற மெட்டுகள் திரையில் வந்துள்ளன. அவை பெரும்பாலும் நகைச்சுவைக்கோ கூட்டநடனத்துக்கோ ஒதுக்கப்பட்டன. கதைத்தலைவியின் ஏக்கத்தையும் இழப்பையும் சுமக்கும் தகுதி அம்மெட்டுக்கு உண்டென்று இப்படம் காட்டியது. மெட்டைத் திருத்தாமல், அதன் அடியில் கிதாரின் சுரக்கூட்டுகளையும் வயலின் வரிசைகளையும் பரப்பி, அதனைத் தாங்கிப் பிடித்தார் இளையராஜா. அடுத்த ஆண்டு அல்லிநகரத்து பாரதிராஜாவின் ‘பதினாறு வயதினிலே’ வந்தது. கங்கை அமரன் அதில் எழுதிய பாடலைப் பாடிய எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. பாஸ்கர் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்னும் நிறுவனத்தின் பெயரில் படங்கள் எடுத்தார். 1981-இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ அவற்றுள் ஒன்று. 1989-இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. மேடை கலைந்த பின்னும் குழு கலையவில்லை. வேறு உருவில் தொடர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

அண்ணனும் தம்பியும்: எதிரெதிர்க் கண்ணாடிகள்

இங்கு ஒரு நுட்பத்தை வாசகர் கவனிக்க வேண்டுகிறேன். பாவலர் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். 1985-இல் வந்த ‘சிந்து பைரவி’யில் இளையராஜா அதற்கு நேர்மாறானதைச் செய்தார். வழக்கமாகக் காம்போதியில் பாடப்பெறும் தியாகராசர் கீர்த்தனை ஒன்றின் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு சாரமதி இராகத்துக்கு மாற்றினார். அதே காட்சியில் எளிய பெண்ணொருத்தி பாடும் நாட்டுப்புறப் பாங்கான பாடல் அக்கீர்த்தனையில் சென்று கலக்கிறது. கற்றோர் அவையின் சங்கீதமும் களையெடுப்பவள் பாட்டும் ஒரே சுரவரிசையில் நிற்கின்றன என்பதை வாதத்தால் நிறுவுவது கடினம். அவர் இசையால் நிறுவினார்.

அண்ணன் தெரிந்த மெட்டின் வழியே தெரியாத கருத்தை எளியவரிடம் கொண்டு சென்றார். தம்பி தெரிந்த சொல்லின் வழியே, மறுக்கப்பட்ட மக்களின் இசையைப் பெரியோர் அவைக்குக் கொண்டு சென்றார். திசைகள் வேறு, பாலம் ஒன்றே. 1986-இல் தியாகராசரையும் பாக்கையும் ஒருங்கே வணங்கி ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டதும், 2005-இல் கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பார் ராஜ் அவர்களின் தமிழ் மையத்தோடு இணைந்து புடாபெஸ்ட் இசைக்குழுவைக் கொண்டு திருவாசகத்துக்கு இசை வடிவம் தந்ததும், 2025 மார்ச்சில் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதும் இப்பாலத்தின் தொடர்ச்சியே. அவரது ஆயிரமாவது படமாக அறிவிக்கப்பட்டு 2016-இல் வெளியான ‘தாரை தப்பட்டை’ ஒரு கிராமியக் கலைக்குழுவின் கதை என்பதும், அதன் பின்னணி இசைக்குத் தேசிய விருது கிடைத்தது என்பதும் பொருத்தமாகவே அமைந்தன.

மெட்டு யாருக்குச் சொந்தம்?

இறுதியாக, கடினமான ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. எவருடைய மெட்டையும் எவரிடமும் கேளாமல் எடுத்துப் பாடிய குழுவில் வளர்ந்தவர் இளையராஜா. தம் பாடல்களை மேடையில் பாடுவதற்கு இசைவு பெற வேண்டுமென 2017-இல் நெடுநாள் நண்பராகிய எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களுக்கே வழக்கறிஞர் வழியே அறிவிப்பு அனுப்பியவரும் அவரே. இதனை முரண்பாடு என்று நகைப்போர் உண்டு.

நான் அவ்வாறு கருதவில்லை. பாவலர் மெட்டை எடுத்தது விற்பதற்கு அன்று. அம்மேடையில் நுழைவுச் சீட்டு இல்லை. கேட்டவர்கள் வெறுங்கையராய் வந்து பாட்டோடு திரும்பினர். பிற்காலத்தில் பாட்டு பெருஞ்சரக்காயிற்று. ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் அலைபேசி ஒலியாகவும் விற்கப்பட்டு, இசையைப் படைத்தவர் கைக்கு ஒன்றும் வராத நிலை நெடுங்காலம் நீடித்தது. 2012-ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தச் சட்டம் படைப்பாளிகளுக்குரிய பங்கை உறுதி செய்ய முற்பட்டது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதே பாவலரும் தேயிலைத் தோட்டத்தில் பாடியது. அந்த அளவில் தம்பியின் கோரிக்கை அண்ணனின் பாட்டுக்குப் பகையன்று.

ஆயினும் நீதி அவ்விடத்தில் முடிந்துவிடுவதில்லை. மெட்டுக்கு உரிமையாளர் உண்டெனின், அம்மெட்டின் கருவாய் இருந்த நடவுப் பாட்டுக்கு உரிமையாளர் யார்? பிள்ளையை உறங்க வைக்கத் தாய் ஒருத்தி முணுமுணுத்த தாலாட்டுக்கும், பிணத்தின் தலைமாட்டில் கிழவி ஒருத்தி கட்டிய ஒப்பாரிக்கும் பங்குத்தொகை யார் கொடுப்பது? சட்டத்திடம் இதற்கு விடையில்லை. தனியொருவருக்கு உரிய மெட்டைச் சட்டம் காக்கும். ஊருக்கு உரிய மெட்டை ஊரே காக்க வேண்டும்.

நமக்குரிய பொறுப்பு இங்கேதான் எழுகிறது. இப்பள்ளத்தாக்கின் ஊர்த்திருவிழாக்களில் இன்று ஒலிபெருக்கியில் ஒலிப்பவை பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட பாடல்கள். அவற்றுள் பல பண்ணைப்புரத்துச் சகோதரர்களின் திரைப்பாடல்கள்தாம். நம் பாட்டு வெளியூர் சென்று, மெருகேறி, நமக்கே திரும்பி வந்திருக்கிறது. மகிழத்தக்கதே. ஆனால் திரும்பி வந்த பாட்டைக் கேட்டு நிறைவடைந்த ஊர், தானே பாடுவதை நிறுத்திக்கொண்டது. தன் ஊரின் சிக்கலைத் தன் ஊரின் மெட்டில், முதலாளியும் விளம்பரமும் இன்றிப் பாடும் குழு ஒன்றினை இன்று எந்தச் சாவடியில் காணலாம்? பாவலர் சகோதரர்களின் புகழைப் பேசும் நாம், அவர்களை அவர்களாக்கிய வழக்கத்தைக் கைவிட்டிருக்கிறோம்.

நடவு நட்ட கையும் ஏலம் பறித்த கையும் உடைய மூதாட்டிகள் இன்னும் நம் கிராமங்களில் வாழ்கின்றனர். இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் கோம்பையிலும் தேவாரத்திலும் அவர்களைத் தேடிச் சென்று, அமர்ந்து கேட்டு, எழுதிக்கொள்ளவும் பதிவு செய்துகொள்ளவும் இளைஞர் சிலர் முன்வந்தால் போதும். அதற்கு அரங்கம் வேண்டியதில்லை, நன்கொடையும் வேண்டியதில்லை. கேட்கும் பொறுமையும் பாடும் துணிவும் வேண்டும். இரவல் மெட்டேயானாலும் சொந்தக் குரலில் பாடுகிறவன் ஒருநாள் சொந்த மெட்டையும் கண்டடைவான் என்பதற்குப் பண்ணைப்புரம் சான்று. வாயைத் திறவாதவனுக்கு எந்த மெட்டும் சொந்தமில்லை.